ஒரு கெஸ்ட் குறைகிறார்

சுமலதாவுக்கு மைசூர் மனப்பாடம். அரண்மனை பத்து மணிக்குத் திறக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செவ்வாய்க்கிழமை மிருகக்காட்சி சாலைக்கு விடுமுறை. பந்திப்பூர் காட்டு வழியை இரவு ஒன்பது மணிக்கு மூடினால் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் மலர்விழி லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, இருபத்தாறு வருடமாக இதையெல்லாம் அவள் விருந்தினர்களுக்குச் சொல்லி வந்தாள். அவள் மட்டும் மைசூருக்குப் போனதில்லை.

சொந்த ஊர் காரமடை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, குன்னூரில் மருந்துக் கடையில் வேலை பார்த்த அண்ணன் அவளைக் கூட்டி வந்தார். லாட்ஜில் வேலை கிடைத்தது. இரண்டு முறை மாப்பிள்ளை பார்த்தார்கள். இரண்டும் தள்ளிப் போயின. மூன்றாவது முறை யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வார். சுமலதா மாடல் ஹவுஸ் பகுதியில் ஒரு அறையும் சமையலறையுமாக வாடகைக்கு இருந்தாள். வயது ஐம்பத்தொன்று.

லாட்ஜில் அவளுக்குப் பேர் கிடையாது. விருந்தினர்களுக்கும், காய்கறி போடுகிறவருக்கும், ஊட்டியில் இருக்கும் டூர் ஆபீசுக்கும் அவள் 'மேடம்'. அந்த ஆபீசில் போன் எடுக்கும் ராஜகுமாரியோடு ஒன்பது வருடமாகத் தினமும் பேசுகிறாள். "ராஜி, நாளைக்கு மைசூருக்கு மூணு பேருங்க." "சரிங்க மேடம்." அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

அந்த மார்ச் மாதம் லாட்ஜ் முதலாளி ரவிச்சந்திரன் வரவேற்பறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் விட்டார். "மூணு நாளைக்கு நீங்க வர வேண்டாங்க. வாடை ஒத்துக்காது. போனை வாட்ச்மேன் ஆண்டி பார்த்துக்குவான்," என்றார். முதல் நாள் அவள் வீட்டைக் கூட்டித் துடைத்தாள், போர்வை துவைத்தாள். மதியம் இரண்டு மணிக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. வாசலில் நின்று எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று அந்த எண்ணம் வந்தது. உள்ளே போய் போனை எடுத்து, விருந்தினர்களுக்கு வழக்கமாக அனுப்பும் அதே டூர் படிவத்தைத் தனக்காகத் திறந்தாள். மைசூர், ஒரு நாள், வழிகாட்டியுடன், பன்னிரண்டு பேருக்கு மிகாமல்.

பெயர், வயது எல்லாம் எழுதிவிட்டாள். 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற இடத்தில் விரல் நின்றது. அண்ணன் நம்பரைப் பாதி அடித்தாள். அண்ணி எடுத்து, 'இந்த வயசுல தனியா எதுக்கு ஊர் சுத்தறா' என்று கேட்பது காதில் விழுந்தது போல இருந்தது. அழித்துவிட்டு லாட்ஜ் நம்பரை எழுதினாள். மற்ற நாட்களில் அந்தப் போனை எடுக்கிறவள் அவளேதான். வேறு எந்த நம்பரும் தோன்றவில்லை.

மறுநாள் விடியுமுன் பஸ் ஸ்டாண்டில் வேன் வந்து நின்றது. வழிகாட்டி ஷிஜோ கூடலூர் மலையாளி, முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் வணக்கம் சொன்னதும் திரும்பிப் பார்த்தான்.

"சேச்சி, எங்கேயோ கேட்ட குரல் மாதிரி உண்டு."

"அப்படிங்களா?" என்று சிரித்தாள். லாட்ஜ் மேடம் என்று சொல்லியிருக்கலாம். இன்று ஒரு நாள் மேடமாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

அவளுக்கு ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் ஊட்டியில் ஏறிய வர்ஷா என்ற புதுப்பெண் வந்து உட்கார்ந்தாள். அவள் கணவன் கிருத்திக்குக்குப் பின்வரிசையில் இடம். இருவரும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். சுமலதா எழுந்து, "நீங்க ரெண்டு பேரும் இங்க உக்காருங்க," என்று சொல்லிவிட்டுக் கதவோரம் இருந்த மடக்கு இருக்கையை விரித்து உட்கார்ந்தாள். அந்த இடம் வண்டிப் பணியாளர்களுக்கானது. அன்றைய குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது, ஆனால் அப்போது யாருக்கும் அது தெரியாது.

முதுமலைக் காட்டில் பனி விலகும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மருதாம்பாள் என்ற அம்மா கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, பாத்ரூமுக்கு எங்க நிறுத்துவாங்க?"

"குண்டல்பேட்டையில நிறுத்துவாங்கம்மா. சுத்தமா இருக்கும்."

"மிருகக்காட்சி சாலையில நடக்கோணுமா?"

"மூணு கிலோமீட்டர் வரும். முடியாதவங்களுக்கு பேட்டரி வண்டி இருக்குதுங்க."

கேள்விகள் பின்வரிசையிலிருந்தும் வர ஆரம்பித்தன. சாப்பாடு எங்கே, கைக்குழந்தைக்குப் பால் சூடு பண்ணித் தருவார்களா, சில்க் புடவை எந்தத் தெருவில் நல்லது. எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அவள் விரும்பிச் சொன்னாள் என்றும் இல்லை. கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடும். ஷிஜோவுக்கு வேலை குறைந்தது. அவன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக வாட்ஸ்அப் பார்த்தான்.

அரண்மனை அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. வண்ணக் கண்ணாடி வழியே வெளிச்சம் விழும் மண்டபத்தில் தூண்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பக்கத்தில் யாராவது இருந்தால், 'பாருங்களேன்' என்று சொல்லியிருப்பாள். திரும்பிப் பார்த்தாள். கிருத்திக் தன் போனை நீட்டிக்கொண்டு நின்றான். "அக்கா, ஒரு போட்டோ எடுங்க." எடுத்தாள். பிறகு கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கும், மருதாம்பாளுக்கும் அவர் தங்கைக்கும் எடுத்தாள்.

வெளியே வந்ததும் ஒரு இடத்தைத் தேடினாள். யானை லாயத்துக்குப் பக்கம் மரத்தடியில் ஒரு கல் பெஞ்ச் இருக்கிறது, அங்கே உட்கார்ந்தால் நல்ல காற்று வரும் என்று ரொம்ப வருடத்துக்கு முன் ஒரு விருந்தினர் அவளிடம் சொல்லியிருந்தார். அதை அவள் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். சுற்றிச் சுற்றி வந்தாள். பெஞ்ச் இல்லை.

"அப்படி ஒன்னும் இங்க கிடையாதே சேச்சி. ஒன்பது வருஷமா வர்றேன், பார்த்ததில்ல," என்றான் ஷிஜோ.

எத்தனை பேர் கால் வலிக்க அதைத் தேடியிருப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு வெயிலில் முகம் எரிந்தது. ஒருவர்கூடத் திரும்பி வந்து, 'நீங்க சொன்ன பெஞ்ச் அங்க இல்லைங்களே' என்று சொன்னதில்லை. சொல்வதற்கு அவர்கள் திரும்பி வருவதில்லை. மறுநாள் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஷிஜோவும் டிரைவர் விஜயனும் டீசல் போடப் போயிருந்தார்கள். சுமலதா எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பரிமாறுகிறவர், "ஸ்டாஃபுக்கு உள் ரூம்லம்மா," என்று கை காட்டினார். அவள் ஒரு கணம் நின்றாள். மேசையில் இருந்த யாராவது 'அவங்க எங்க கூட வந்தவங்க' என்று சொல்வார்கள் என்று பார்த்தாள். வர்ஷா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். சுமலதா உள் அறைக்குப் போய், வேறு வண்டிகளின் டிரைவர்கள் இரண்டு பேருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். சோறு என்னவோ அதே சோறுதான்.

மிருகக்காட்சி சாலையில் பாதிதான் பார்க்க முடிந்தது. மருதாம்பாளுக்கு மூச்சு வாங்கியதால் பேட்டரி வண்டிக்கு அவரோடு வரிசையில் நின்றதில் ஒட்டகச்சிவிங்கிப் பக்கம் போக நேரமில்லை. கடைசியாக தேவராஜா மார்க்கெட்டில் முக்கால் மணி நேரம் விட்டார்கள். ஐந்தரைக்கு வண்டி கிளம்பும் என்றான் ஷிஜோ.

ஐந்து இருபதுக்கு எல்லோரும் வேன் பக்கம் வந்துவிட்டார்கள். சுமலதா தன் பையை மடக்கு இருக்கைக்கு அடியில் தள்ளினாள். போனும் அதில்தான் இருந்தது. அப்போது மருதாம்பாள் அவள் கையைப் பிடித்தார்.

"அம்மிணி, என்ர கண்ணாடிய அந்தப் பூக்கடையில வெச்சுட்டனாட்ட இருக்குது. கொஞ்சம் பார்த்துட்டு வாரியா? எனக்கு நடக்க மாட்டீங்குது."

"நீங்க ஏறி உக்காருங்கம்மா, நான் எடுத்துட்டு வர்றேன்."

சின்னப் பர்ஸ் மட்டும் கையில் இருந்தது. மல்லிகை, சாமந்தி மூட்டைகளுக்கு நடுவே ஓடினாள். எல்லாப் பூக்கடையும் ஒரே மாதிரி இருந்தன. நான்காவது கடையில்தான் மருதாம்பாள் பூ வாங்கியது நினைவுக்கு வந்தது. பூக்காரம்மா கன்னடத்தில் ஏதோ சொல்லி, பூக்குவியலைக்கூட அள்ளித் தேடிப் பார்த்தாள். கண்ணாடி இல்லை.

திரும்பி வந்தபோது வேன் நின்ற இடத்தில் ஒரு இளநீர் வண்டி நின்றது.

நடந்தது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. மருதாம்பாள் வண்டியில் ஏறியதும் கண்ணாடி தன் கைப்பையிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டார். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அவள் வந்ததும் சொல்லலாம் என்று கண்ணை மூடியவர் அப்படியே தூங்கிப்போனார். மைசூரில் இருக்கும் அவர் தங்கை மகன் ஒருவன் நஞ்சன்கூடு வரைக்கும் வருகிறேன் என்று பின்பக்கம் ஏறி உட்கார்ந்திருந்தான். ஷிஜோ போனில் பேசிக்கொண்டே கதவில் நின்று தலைகளை எண்ணினான். பன்னிரண்டு. சரியாக இருந்தது. மடக்கு இருக்கையை யாரோ வழிக்காக மடக்கிவிட்டிருந்தார்கள். ஒரு இடம் காலியாக இருப்பதே கண்ணில் படவில்லை. "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டான். "வந்தாச்சு," என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த அக்கா டூர் ஆபீஸ் ஆள், முன்னால் எங்கேயோ இருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சுமலதா முதலில் பயப்படவில்லை. வண்டியைத் திருப்பப் போயிருப்பார்கள் என்று நின்றாள். பத்து நிமிடம் கழித்து, போலீஸ்காரர் நகர்த்தச் சொல்லியிருப்பார் என்று மார்க்கெட்டின் மறுவாசலுக்குப் போய்ப் பார்த்தாள். மறுபடியும் இளநீர் வண்டிக்கு வந்தாள். விளக்குகள் எரிய ஆரம்பித்தன. ஆபீஸ் முடிந்து போகிறவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். மணி ஆறே முக்கால் ஆனபோது, அவளைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்று புரிந்தது.

பூக்காரம்மாவிடம் போய்ச் சைகையில் போன் கேட்டாள். அவள் போனைக் கொடுத்து, உட்கார ஒரு கூடையையும் கவிழ்த்துப் போட்டாள். சுமலதாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர்கள் மூன்று. அண்ணனுடையது, லாட்ஜ், டூர் ஆபீஸ். மூன்றாவதை அழுத்தினாள்.

"ராஜி, நான்தான் பேசறேன்."

"மேடம்! மலர்விழி மேடம்தானுங்களே? இது என்ன புது நம்பரு?"

"இன்னிக்கு மைசூர் வண்டியில ஒரு கெஸ்ட் குறையறாங்க, ராஜி. மார்க்கெட்டுலயே விட்டுட்டுப் போய்ட்டாங்க."

"ஐயய்யோ! உங்க லாட்ஜ் கெஸ்டுங்களா? ஷிஜோ பன்னெண்டு பேரும் ஏறியாச்சுன்னு மெசேஜ் போட்டிருக்காரே. பேரு என்னங்க?"

"சுமலதா."

"இருங்க மேடம், லிஸ்ட் பார்க்கறேன்... ஆமா, இருக்குதுங்க. சுமலதா, ஒருத்தர், குன்னூர்ல ஏறினவங்க. அவங்க போன் நம்பர் இருக்குது, கூப்பிட்டுப் பார்க்கட்டுங்களா?"

"அது வண்டியில பையில இருக்குது."

"சரிங்க, அவசரத்துக்கு ஒரு நம்பர் குடுத்திருக்காங்க, அதுக்கு அடிக்கறேன்..." ராஜகுமாரி நிறுத்தினாள். "மேடம், இது உங்க லாட்ஜ் நம்பராச்சே?"

சுமலதா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அவங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா மேடம்? வீட்டு ஆளுங்க?"

"ராஜி, நான்தான்."

"எதுங்க மேடம்?"

"சுமலதா நான்தான்."

"உங்க பேரு சுமலதாங்களா?" என்றாள் ராஜகுமாரி, மெதுவாக.

ராஜகுமாரி இன்னொரு போனில் ஷிஜோவைப் பிடித்தாள். வேன் குண்டல்பேட்டையைத் தொட்டிருந்தது. "சேச்சி, மன்னிக்கணும், நான் இப்பவே வண்டியத் திருப்பறேன்," என்று அவன் கத்துவது ராஜகுமாரியின் போன் வழியாகக் கேட்டது. சுமலதா மனதுக்குள் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு அவளுக்குப் புதிதல்ல.

"வேண்டாங்க. நீங்க இங்க வர எட்டு ஆகும். திரும்பிப் போறதுக்குள்ள காட்டுக் கேட்ட மூடிடுவாங்க. வண்டியில கைக்குழந்தை இருக்குது. போங்க. நான் ராத்திரி இங்க லாட்ஜ்ல தங்கிட்டுக் காலையில பஸ்ல வந்துக்கறேன்."

தெளிவாகச் சொன்னாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பர்ஸைத் திறந்தாள். பூக்காரம்மா காசு வாங்க மறுத்துவிட்டாள்.

முதல் லாட்ஜில் இருந்தவன் அவள் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். "எத்தனை பேரு?" "ஒருத்தர்." "ரூம் இல்லம்மா." இரண்டாவது லாட்ஜில் இன்னும் மரியாதையாக, "ஃபேமிலிக்கு மட்டுந்தாங்க தர்றது," என்றார்கள். அந்த வார்த்தை அவளுடையது. அதே பணிவோடு, அதே இழுவையோடு அவள் எத்தனையோ முறை சொன்னது. தனியாக வரும் பெண்களுக்கு அறை கொடுக்கக் கூடாது என்பது ரவிச்சந்திரனின் உத்தரவு. எப்போதோ ஒரு ஜூலை மழையில், பள்ளிக்கூட வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பெண் நீலப் பெட்டியோடு நின்றாள். சுமலதா, "எல்லாம் ஃபுல்லுங்க," என்றாள். அந்தப் பெண் அவள் தலைக்குப் பின்னால் பலகையில் தொங்கிய சாவிகளைப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அவள் எங்கே போனாள் என்று சுமலதா அன்று யோசிக்கவில்லை. இப்போது மைசூர்த் தெருவில் நின்று யோசித்தாள்.

மூன்றாவது இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். "யார்கூட வந்தீங்க? யாராவது சொன்னா பரவாயில்ல," என்றார். அவள் டூர் ஆபீஸ் நம்பரைக் கொடுத்தாள். ராஜகுமாரி எடுத்து, "எங்க மேடந்தாங்க. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல லாட்ஜ் நடத்தறவங்க. நல்ல ரூமாக் குடுங்க," என்று அதட்டலாகச் சொன்னது வெளியே வரை கேட்டது. பெரியவர் சாவியை எடுத்தார்.

அறைக்குள் போனதும் கண் தன் வேலையைச் செய்தது. பக்கெட் இருக்கிறதா, விரிப்பு வெளுத்ததா, தாழ்ப்பாள் விழுகிறதா. எல்லாம் சரி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஐம்பத்தொரு வயதில் லாட்ஜில் ஒரு அறை எடுத்துத் தங்குவது அதுதான் முதல் தடவை. வெளியே பஸ்களின் சத்தம். யாரோ வராந்தாவில் சிரித்துக்கொண்டு போனார்கள். அரை மணி நேரம் அப்படியே இருந்தாள். பிறகு மேசைமேல் இருந்த போனை எடுத்தாள்.

"ரிசப்ஷன்," என்றார் பெரியவர்.

"காலையில வெந்நீர் எத்தனை மணிக்கு வருங்க?"

"அஞ்சுலருந்து எட்டு வரைக்கும்மா."

அது அவளுக்குத் தெரியும். கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. மலர்விழியிலும் ஒட்டித்தான் இருக்கிறது. இருந்தும் தினமும் யாராவது ஒருவர் அறையிலிருந்து கூப்பிட்டு இதையே கேட்பார்கள். படிக்கத் தெரியாதா இவர்களுக்கு என்று அவள் சலித்துக்கொண்டதுண்டு. "சரிங்க," என்று போனை வைத்துவிட்டு, தலையணையில் முகத்தைப் புதைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

காலை ஊட்டி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி காட்டுக்குள் நுழையுமுன்பே தூங்கி இவள் தோளில் சாய்ந்துகொண்டாள். சாலையோரம் ஒரு மான் கூட்டம் நின்றது. பார்க்கத் திரும்பினால் அவள் விழித்துவிடுவாள் என்று சுமலதா அசையாமல் இருந்தாள்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் அவள் பையோடு ஷிஜோ காத்திருந்தான். இரவெல்லாம் தூங்காத முகம். யாரென்று ராஜகுமாரி சொல்லியிருக்கிறாள் போலும்.

"மேடம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா நேத்தும் மேடமாத்தானுங்க இருந்திருப்பேன்."

"மருதாம்பாள் அம்மா குண்டல்பேட்டையில இருந்து ஊட்டி வரைக்கும் அழுதுட்டே வந்தாங்க. இனி நான் தலையை எண்ண மாட்டேன் சேச்சி. பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்."

அவள் மறுக்க மறுக்க டீக்கடைக்குக் கூட்டிப் போனான். உட்கார்ந்ததும், "மைசூர் எப்படி இருந்தது சேச்சி?" என்று கேட்டான்.

சம்பிரதாயமாகத்தான் கேட்டான். ஆனால் அவள் சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடிக் கூரை வழியாக விழுந்த வெளிச்சத்தை, தூண்களின் பச்சையை, யானைக்குட்டி ஒன்று தன் காலையே மிதித்துக்கொண்டதை, கூடையைக் கவிழ்த்துப் போட்ட பூக்காரம்மாவை. இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி எத்தனை வருடமாயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. ஷிஜோ கேட்டுக்கொண்டிருந்தான். நடுவே ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவள் பேச்சை நிறுத்தினாள். "உங்களுக்கு வண்டி இருக்கும். கிளம்புங்க," என்றாள். அவனும் எழுந்தான்.

பெயிண்ட் வேலை முடிந்து லாட்ஜுக்குத் திரும்பிய அன்று, தனியாக வரும் பெண்கள் விஷயத்தை ரவிச்சந்திரனிடம் எடுத்தாள். "வம்புங்க, வேண்டாம்," என்றார் அவர், புதுச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே. அவள் வாதாடவில்லை. ஆனால் சாவிப் பலகை அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மே மாதத்துக்குள் இரண்டு பெண்களுக்கு அறை கொடுத்திருந்தாள். ஒருத்தி இரவு எட்டு மணிக்கு அறையிலிருந்து கூப்பிட்டு வெந்நீர் எப்போது வரும் என்று கேட்டபோது, நேரத்தைச் சொல்லிவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்டாள்.

ஜூன் மாதம் முதல் வாரம் அவள் ஒரு லீவ் லெட்டர் எழுதி நீட்டினாள். ரவிச்சந்திரன் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்கீங்க போறீங்க?"

"மைசூருக்குங்க."

"மறுபடியுமா? ஏனுங்க, அங்க யாரு இருக்காங்க உங்களுக்கு?"

"யாரும் இல்லீங்க," என்றாள் சுமலதா.

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.